நார்வே பிளாக் மெட்டலைப் படமாக்கும்போது: ஓசை, சாயம், தீ

லெதர் ஜாக்கெட், முகத்தில் வெள்ளைச் சாயம், ஒரு புகை மெஷின். இவற்றை மட்டும் நம்பி ஷூட்டுக்குப் போனால் திரையில் வருவது பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிதான். 1990களின் தொடக்கத்தில் நார்வே பிளாக் மெட்டல் என்ற இந்த வேகமான, இருண்ட ராக் இசையை உருவாக்கியவர்கள் கையில் காசில்லாத பையன்கள். 1992 கோடையில், பர்சும் என்ற பெயரில் தனியாளாக இசைத்த வார்க் வீகெர்னெஸுக்கு 19 வயது. எம்பரர் குழுவின் டிரம்மர் ஃபௌஸ்டுக்கு 18. எல்லோருக்கும் அண்ணன் மாதிரி இருந்த மேஹெம் கிட்டாரிஸ்ட் யூரோனிமஸுக்கே 24தான். 35 வயது நடிகருக்கு விக் மாட்டி நிறுத்தினால் கதையே வேறாகிவிடும். பையன்களின் விபரீதம் பெரியவர்களின் சதியாகத் தெரியும். அதனால் நடிகர் தேர்வில் முதலில் பார்க்க வேண்டியது வயது, பிறகுதான் முடி.

இந்தக் கதையை முழுநீளப் படமாக எடுத்தவர் ஜோனாஸ் ஓகர்லுண்ட். ஸ்வீடனின் பாத்தரி குழுவில் தொடக்கக் காலத்தில் டிரம்ஸ் வாசித்தவர். 2018இல் வந்த அவருடைய ‘லார்ட்ஸ் ஆஃப் கேயாஸ்’ படத்தில் பாத்திரங்கள் ஆங்கிலம் பேசுகின்றன. அதற்காகப் பலர் முகம் சுளித்தார்கள். மொழியைத் தாண்டி அதில் கவனிக்க வேண்டியது, அந்த வீடுகளும் அறைகளும் எவ்வளவு சாதாரணமாக இருக்கின்றன என்பதை. அப்பா அம்மா வீடு, சோபா, கெபாப் கடை. நீங்கள் எடுக்கப்போவதும் அந்த அளவில்தான் இருக்க வேண்டும்.

முதலில் தேதி

ஒவ்வொரு காட்சியின் தலைப்பிலும் மாதமும் ஆண்டும் எழுதுங்கள். இந்த வரலாறு மூன்றே ஆண்டுகளில் புரண்டுபோனது. ஆறு மாதம் தவறினாலும் தெரிந்தவர்கள் பிடித்துவிடுவார்கள். மேஹெம் பாடகர் டெட் இறந்தது 1991 ஏப்ரல் 8, ஓஸ்லோவுக்கு வெளியே குரோக்ஸ்டாட் வீட்டில். யூரோனிமஸின் இசைத்தட்டுக் கடையான ஹெல்வெட்டே திறந்தது அதற்குப் பிறகு. ஆகவே டெட் அந்தக் கடையில் நிற்பதாக ஒரு ஷாட்கூட இருக்கக் கூடாது. பேர்கன் நகரில் ஃபான்டோஃப்ட் மரத் தேவாலயம் தீவைப்பில் எரிந்தது 1992 ஜூன் 6. பேர்கன் நாளிதழில் தீவைப்புகளைப் பற்றிய வீகெர்னெஸின் பேட்டி வந்தது 1993 ஜனவரி. அதன்பின் சில வாரங்களில் கடை மூடப்பட்டது. யூரோனிமஸை வீகெர்னெஸ் கொன்றது 1993 ஆகஸ்ட் 10.

அதிகம் மாட்டிக்கொள்வது இசைத்தட்டுகளில்தான். மேஹெமின் ‘டே மிஸ்டீரியிஸ் டோம் சத்தானாஸ்’ வெளிவந்தது 1994இல். யூரோனிமஸ் அதன் அட்டையைக் கையில் வைத்துப் பார்க்கும் காட்சி எழுதினால் அது பொய். (கொலையானவரின் கிட்டாரும் கொன்றவரின் பேஸும் அந்த ஒரே தட்டில் இருக்கின்றன. இதைவிட நாடகம் நீங்கள் எழுதத் தேவையில்லை.) டார்க்த்ரோன் குழுவின் ‘டிரான்சில்வேனியன் ஹங்கர்’ வெளியானதும் 1994தான், ஹெல்வெட்டே சுவரில் அதன் போஸ்டர் தொங்கக் கூடாது. ஆர்ட் டிபார்ட்மென்ட்டிடம் ஒரு தாள் கொடுங்கள்: எந்தத் தட்டு, எந்த டி-ஷர்ட், எந்த மாதத்திலிருந்து.

ஓசை

இசையை எடிட்டிங் மேசையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். ஷூட்டுக்கு ஆறு வாரம் முன்பே பதிவு முடிந்திருக்க வேண்டும். நடிகர்கள் அதை வைத்துத்தான் பழகுவார்கள்.

முதல் தவறு, ஸ்வீடன் ஓசையை நார்வேக்குக் கொண்டுவருவது. பாஸ் எச்எம்-2 பெடலில் எல்லாக் குமிழையும் கடைசிவரை திருப்பினால் வரும் ரம்பச் சத்தம் ஸ்டாக்ஹோமின் டெத் மெட்டலுக்கு உரியது. நார்வே பாணி மெலிந்தது, குளிர்ந்தது. யூரோனிமஸும் தார்ன்ஸ் குழுவின் ஸ்னோரே ரூக்கும் வளர்த்த ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) முறையில் பவர் கார்டை உள்ளங்கையால் அமுக்கி அடிப்பது குறைவு. மைனர் கார்டின் எல்லாத் தந்திகளையும் திறந்துவிட்டு, நிற்காமல் மேலும் கீழுமாகப் பிக் செய்வார்கள். தந்திகளைத் தளர்த்தி ‘கனமாக’ ஆக்க வேண்டாம். சாதாரண ஈ ட்யூனிங் போதும்.

தொடங்க ஓர் அளவு: வால்வ் ஆம்ப்பில் கெய்ன் 6 அல்லது 7, பேஸ் 3, மிட் 5 முதல் 6, ட்ரெபிள் 7. மிட்டைச் சுழியத்துக்கு இறக்க வேண்டாம். இறக்கினால் டிரம்ஸ் சேர்ந்ததும் கிட்டாரே காணாமல் போகும். ஸ்பீக்கர் கூம்பின் விளிம்பை நோக்கி ஒரு டைனமிக் மைக், 3 செ.மீ. தள்ளி. ஒரே ரிஃபை இரண்டு தடவை தனித்தனியாக வாசித்து இடம், வலம் என்று பிரியுங்கள். ஒரு டேக்கை காப்பி எடுத்து இரண்டு பக்கமும் போட்டால் அகலம் வராது, நடுவிலேயே நிற்கும். மிக்ஸில் கிட்டாருக்கு 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள்.

எல்லாமே ‘மட்டமான’ பதிவு என்று நினைப்பது இன்னொரு பொய். ‘டிரான்சில்வேனியன் ஹங்கர்’ நான்கு டிராக் கருவியில் வீட்டிலேயே பதிவானது. பர்சுமின் ‘ஃபிலோசோஃபெம்’ தட்டில் வார்க் கிட்டார் ஆம்ப்பையே ஒதுக்கிவிட்டு ஃபஸ் பெடலை வீட்டு ஸ்டீரியோவில் செருகினார். குரலுக்கு ஹெட்செட் மைக். மேஹெம் தட்டோ பேர்கனின் பெரிய இசையரங்கமான கிரீக்ஹாலனில், பிட்டன் என்ற ஒலிப்பதிவாளர் கையில் உருவானது. அதன் டிரம்ஸில் அரங்கின் இடைவெளியே கேட்கும். எனவே உங்கள் காட்சி எங்கே நடக்கிறது என்பதைப் பொறுத்து ஓசை மாற வேண்டும். ஒத்திகை அறை என்றால் அறையின் நடுவில் ஒரே மைக் வைத்து, உண்மையான கேசட்டில் ஒருமுறை பதிந்து, திரும்பக் கணினிக்கு ஏற்றுங்கள். கேசட் இரைச்சலைப் பிளகின் வைத்துப் போடலாம்தான். ஆனால் பிளகினில் உரத்த இடங்கள் நசுங்கும் விதம் சரியாக வருவதில்லை. ஸ்டுடியோ காட்சி என்றால் டிரம்ஸுக்கு 5 மீட்டர் தள்ளி இரண்டு மைக் கூடுதலாக வையுங்கள், அதுதான் கிரீக்ஹாலனுக்குப் பக்கத்தில் போகும்.

நடிகரின் வலது கை

நடிகர் இடது கையைத் தப்பாக வைத்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். வலது கை பொய் சொன்னால் எல்லோருக்கும் தெரியும். 180 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 180 தாளம்) பதினாறில் ஒரு பங்கு சுரங்கள் என்றால் நொடிக்கு 12 அடி. முழங்கையிலிருந்து ஆட்டினால் 20 நொடியில் கை இறுகிவிடும், தோள் தூக்கிக்கொள்ளும், முகம் சுருங்கும். அது கோபம் மாதிரித் தெரியாது, வலி மாதிரித்தான் தெரியும்.

பயிற்சி: 1 மி.மீ. அல்லது அதைவிடத் தடித்த பிக், தந்திக்குக் கீழே நுனி 2 மி.மீ. மட்டும் இறங்க வேண்டும். மணிக்கட்டு மட்டும் அசைய வேண்டும். மெட்ரோனோமில் 90இல் தொடங்கி இரண்டு நாளைக்கு 5 கூட்டுங்கள். ஒரு மாதத்தில் 160 வந்துவிடும். கேமராவுக்கு அது போதும். செட்டில் தந்திகளுக்கு அடியில், பிரிட்ஜ் பக்கம், மெல்லிய ஸ்பான்ஜ் வைத்துவிட்டால் நடிகர் நிஜமாகவே அடிக்கலாம், சத்தம் வராது.

டிரம்ஸுக்கு மட்டும் நடிகருக்குப் பதில் ஒரு டிரம்மரை வைத்துவிடுங்கள். பிளாஸ்ட் பீட்டில் கிக்கும் ஸ்னேரும் மாறிமாறி விழும் அந்த வேகத்தை ஒரு மாதத்தில் யாரும் கற்றுக்கொள்ள முடியாது. நடிகரைத் தோளுக்கு மேல் எடுங்கள், கைகளுக்கு டிரம்மரை எடுங்கள். இருவருக்கும் ஒரே கைப்பட்டை, ஒரே மோதிரம். மோதிரத்தை மறந்து பிடிபட்ட படங்கள் உண்டு.

குரல் டப்பிங்தான். ஆனால் செட்டில் நடிகர் வெறுமனே வாயைத் திறந்தால் கழுத்து நரம்பு எழும்பாது. பிளேபேக் ஓடும்போது கிசுகிசுப்பாக, ஆனால் முழு மூச்சையும் வெளியே தள்ளச் சொல்லுங்கள். நிஜமாகக் கத்தவிட்டால் மதியத்துக்குள் தொண்டை போய்விடும், அன்றைய வசனக் காட்சியும் போய்விடும். தலையாட்டலுக்கு ஒரு கோணத்துக்கு நான்கு டேக் வரம்பு வையுங்கள். ஐந்தாவதில் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

பிணச் சாயம்

டெட் முகத்தில் பூசியது அலங்காரத்துக்காக இல்லை, செத்தவன் மாதிரித் தெரிய. அதை மேக்கப் கலைஞரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அவர் தொழில் தெரிந்த கையோடு இரண்டு பக்கமும் சமமாக, கூர்மையான முனைகளோடு வரைந்து தருவார். அந்த அழகுதான் கெடுக்கும். பையன்கள் கைக்கண்ணாடியைப் பார்த்து அவசரத்தில் பூசியது போல இருக்க வேண்டும்: தாடைக்குக் கீழே விட்டுப்போன தோல், காதோரம் திட்டு, ஒரு கண் மற்றதைவிடப் பெரியது.

தண்ணீரில் கரையும் சாயம் மலிவு, ஆனால் பேசும்போது வாயோரம் வெடிக்கும், வியர்வையில் ஓடும். மேடைக் காட்சிக்கு எண்ணெய்ச் சாயம் எடுங்கள். முகத்தைக் கழுவித் துடைத்து, மெலிதாக மாய்சுரைசர் தடவிப் பத்து நிமிடம் விடுங்கள். வெள்ளையை ஸ்பான்ஜால் ஒற்றி ஒற்றி, மெல்லிய இரண்டு படலமாக; தடித்த ஒரு படலம் சுருக்கங்களில் போய் உட்காரும். ஒவ்வொரு படலத்துக்கும் நிறமற்ற பவுடரை அழுத்தி வைத்து, ஐந்து நிமிடம் கழித்து உபரியைப் பிரஷ்ஷால் தட்டுங்கள். பிறகுதான் கறுப்பு. பவுடர் போடாத வெள்ளையின் மேல் கறுப்பை வைத்தால் இரண்டும் கலந்து சாம்பலாகும். சாயம் கெட்டுப்போனதற்குப் பத்தில் எட்டுத் தடவை காரணம் இதுதான். கறுப்பின் மேல் மேட் கறுப்பு ஐ-ஷேடோவை அழுத்தினால் விளக்கில் பளபளக்காது. கண்ணின் உள்விளிம்புக்குச் சாதாரணக் கண்மை போதும். அடுப்புக்கரி, ஷூ பாலிஷ் இரண்டும் கண்ணுக்குப் பக்கத்தில் போகவே கூடாது.

நம் ஊர் செட்டில் 34 டிகிரி வெயிலில் இது 40 நிமிடம் தாங்கும். கன்டினியூட்டிக்கு முன், இடம், வலம் என்று மூன்று படம் எடுத்து வையுங்கள். பூசுகிற வரிசையையும் குறித்துவையுங்கள். கழற்ற, தேங்காய் எண்ணெய் தடவி இரண்டு நிமிடம் ஊறவிட்டுப் பஞ்சால் துடைத்தபின் சோப்பு. நேராகச் சோப்புப் போட்டால் சாயம் காதுக்குள்ளும் முடி வேரிலும் தங்கும்.

உடைக்கு இன்னொரு விஷயம். டெட் தன் மேடை உடைகளை மண்ணில் புதைத்து வைத்து எடுத்து அணிந்தவர் என்று அறியப்படுகிறது. நடிகருக்கு அப்படிச் செய்தால் பூஞ்சைத் தொற்று நிச்சயம். புதைத்து, ஒரு வாரத்தில் எடுத்து, சுடுநீரில் துவைத்து, பிறகு தேயிலைச் சாற்றாலும் முல்தானி மட்டியாலும் திரும்ப அழுக்காக்குங்கள். கிழிசல் மண்ணுடையது, அழுக்கு உங்களுடையது.

ரத்தம், ஆணி, பன்றித் தலை

250 மி.லி. லிக்விட் குளுக்கோஸ், 60 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு தேக்கரண்டி சிவப்பு ஜெல் கலர், மூன்று சொட்டு நீலம், ஒரு தேக்கரண்டி கோகோ பவுடர். கோகோவைத் தனியாகக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துச் சேர்க்காவிட்டால் கட்டி தட்டும். கலர் தோலில் இரண்டு நாள் தங்கும் என்பதால் முதலில் வாஸ்லின்.

மேடைக்குச் சிவப்பு விளக்கு போடத்தான் கை துடிக்கும். சிவப்பு விளக்கில் சிவப்பு ரத்தம் வெளிறிப்போய் ஈரம் மாதிரி மட்டும் தெரியும். வெள்ளை முகமும் சிவந்து, கறுப்போடு இருந்த வேறுபாடு குறைந்துவிடும். அந்தக் காலத்துச் சின்ன அரங்குகளுக்கு வெள்ளை, கொஞ்சம் நீலம், அவ்வளவே. பார்வையாளர்கள் நூறு பேர் வேண்டாம், முப்பது பேரை நெருக்கி நிறுத்துங்கள்.

மேஹெம் மேடையில் பன்றித் தலைகள் குத்தி வைக்கப்பட்டன. நிஜத் தலை விளக்குச் சூட்டில் மூன்று மணி நேரத்தில் நாறும், கொழுப்பு உருகித் தரை வழுக்கும். சிலிக்கான் தலைக்கு மேலே கொஞ்சம் கிளிசரின் தடவினால் போதும். கைப்பட்டை ஆணிகளை ரப்பரில் வார்த்துக்கொள்ளுங்கள். இரும்பு ஆணிப் பட்டையை குளோஸ்-அப்புக்கு மட்டும் மாட்டி உடனே கழற்றிவிட வேண்டும், சக நடிகரின் கண் உயரத்தில்தான் அந்தக் கை போய்வரும்.

கடையும் காகிதமும்

ஹெல்வெட்டே, ஓஸ்லோவில் ஸ்வைகார்ட்ஸ் கேட் 56இல் இருந்த கடை. பெயரின் பொருள் நரகம். சுவர் கறுப்பு, கீழே நிலவறை. இடம் பெரிது, சரக்கு கொஞ்சம். அலமாரிகளை நிரப்பினால் லாபத்தில் ஓடிய கடையாகிவிடும். அது அப்படி ஓடவில்லை. பாதி அலமாரியைக் காலியாக விடுங்கள்.

தபால்தான் இந்த உலகத்தின் இரத்த ஓட்டம். உலகம் முழுக்கக் கேசட் மாற்றிக்கொண்டவர்கள் தபால்தலையின் மேல் சோப்பு அல்லது மெல்லிய பசை தடவி அனுப்புவார்கள். வாங்கியவர் கழுவினால் முத்திரை போய்விடும், அதே தலையைத் திரும்ப ஒட்டலாம். வசனமே இல்லாத ஒரு முழுக் காட்சி இதில் இருக்கிறது. துண்டறிக்கைகளுக்குப் படத்தைப் பிரிண்ட் எடுத்து, அதை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை இன்னொரு ஜெராக்ஸ், மூன்று தலைமுறை. கறுப்பு அடைத்து, ஓரம் உடைந்து வரும். லோகோவைக் கணினியில் வரையாதீர்கள். டிரேசிங் தாளில் பாதியை மையால் வரைந்து, தாளை மடித்து மறுபாதியை ஒற்றுங்கள். படிக்க முடியாவிட்டால் சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.

வெளிச்சமும் தீயும்

ஃபான்டோஃப்ட் தீயைக் காரிருளில் எடுக்க எல்லோரும் ஆசைப்படுவார்கள். ஜூன் முதல் வாரத்தில் பேர்கனில் சூரியன் மறைவது இரவு 11 மணி வாக்கில், உதிப்பது நான்கேகால் சுமாருக்கு. இடையில் வானம் கறுப்பதே இல்லை, நீலமாகவே நிற்கும். அந்த நீலத்தில் ஆரஞ்சுத் தீ, படத்தின் மிக வலுவான ஷாட்டாக இருக்கும். சிக்கல், தமிழ்நாட்டில் அந்திவெளிச்சம் 20, 25 நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஒரு மாலைக்கு இரண்டு டேக் என்று திட்டமிட்டு, நான்கு மாலை ஒதுக்குங்கள். ஓஸ்லோவின் டிசம்பர் இன்னும் கஷ்டம்: நண்பகலிலும் சூரியன் 7, 8 டிகிரி உயரம்தான் ஏறும், நிழல்கள் நாள் முழுக்க நீளமாகவே கிடக்கும். இங்கே அதற்குக் காலை முதல் அரை மணி நேரம் மட்டும்தான். கொடைக்கானல் பைன் காட்டில் எடுத்தால் அடிமரங்களை மட்டும் காட்டுங்கள். தொங்கும் ஊசியிலை தெரிந்தால் குட்டு உடைந்துவிடும்.

தேவாலயம் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, ஃபோர்ட்டுனில் இருந்ததை 1883இல் பேர்கனுக்குப் பெயர்த்துக் கொண்டுவந்தார்கள். தார் பூசிய பைன் மரம், அடுக்கடுக்கான கூரை. மாதிரி செய்து எரிக்க வேண்டும், அதிலும் நான்கில் ஒரு பங்குக்குச் சிறிதாகப் போகக் கூடாது. மரத்தைச் சுருக்கலாம், தீச்சுடரைச் சுருக்க முடியாது. சின்ன மாதிரியில் தீ பிறந்தநாள் கேக் மெழுகுவத்தி மாதிரி நாக்கு நீட்டும். வேகக் கணக்கு: வழக்கமான நொடிக்கு 24 பிரேமைச் சுருக்க விகிதத்தின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். 1:4 மாதிரிக்கு நொடிக்கு 48 பிரேம். பெட்ரோலை ஊற்றிக் கொளுத்துவது படக்குழுக்களின் மோசமான குறுக்குவழி. ஆவி ஒரே மூச்சில் பற்றும், பிறகு அணைக்க வழியில்லை. உள்ளே கேஸ் குழாய் பர்னர்கள், வெளியே ஒரு வால்வு, வால்வின் மேல் கை வைத்து வேறு வேலை இல்லாத ஓர் ஆள், தீயணைப்பு வண்டி. இவை இல்லாத நாளில் தீக்காட்சி இல்லை. நடிகர்களின் முகத்தில் விழும் வெளிச்சத்தைத் தனியாக, மினுக்கும் எல்இடி பேனலில் எடுத்துக்கொள்ளுங்கள். தீயின் பக்கத்தில் அவர்கள் நிற்கவே வேண்டாம்.

இரண்டு மரணங்கள்

டெட்டின் தற்கொலையைக் காட்டும்போது வழிமுறை தெரியக் கூடாது. கதவுக்கு வெளியே நில்லுங்கள், உள்ளே வந்தவரின் முகத்தை எடுங்கள். அந்த உடலின் நிஜப் புகைப்படம் பின்னாளில் ஓர் அனுமதியில்லாத நேரடிப் பதிவின் அட்டையாக வந்தது. அதே சட்டகத்தை மறுபடி உருவாக்கினால் நீங்களும் அந்த அட்டையை இன்னொரு முறை அச்சிட்டதாகத்தான் ஆகும். யூரோனிமஸ் கொலை அவர் குடியிருந்த ஓஸ்லோ கட்டடத்தில், மாடிப்படிகளில் முடிந்தது. படிகளில் கத்திச் சண்டை என்றால் ரப்பர் கத்தி, முழங்கால் பட்டை, பாதி வேகத்தில் ஒத்திகை, படிக்கு மூன்று அசைவுக்கு மேல் வேண்டாம். நீளமாக எடுத்தால் சண்டைக்காட்சியாகிவிடும், சுருக்கினால்தான் கொலை.

உரிமை

ஒரு பாட்டுக்கு இரண்டு அனுமதி தேவை: எழுதியவரிடமிருந்து ஒன்று, பதிவின் உரிமையாளரிடமிருந்து ஒன்று. ஒன்று கிடைத்து மற்றது கிடைக்காமல் எடிட்டிங் முடிந்த படம் நின்றுபோவது சகஜம். லோகோவுக்கும் புகைப்படத்துக்கும் தனித்தனி அனுமதி. வீகெர்னெஸும் ஃபௌஸ்டும் தனித்தனிக் கொலை வழக்குகளில் தண்டனையை முடித்து வெளியே வந்தவர்கள்; தீர்ப்பில் இல்லாத எதையும் நிஜப் பெயரோடு அவர்கள் வாயில் வைக்காதீர்கள். குறும்படத்துக்கு எளிய வழி, கற்பனைக் குழு, கற்பனைப் பெயர், சொந்த இசை. கிட்டாரிஸ்டிடமும் டிரம்மரிடமும் பதிவு அன்றே, காசு கொடுக்கும்போதே, பதிவு உரிமையை எழுதி வாங்கிவிடுங்கள்; படம் விழாவுக்குத் தேர்வான பிறகு கேட்டால் விலை வேறு.